எட்டாம் நாளில் நடப்பது

(பினாங்கு, ஜார்ஜ் டவுனில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



வழக்கமாகக் குறளுக்கும் பக்தி இலக்கியத்துக்கும் தரப்படும் மேடை இது. இந்த ஆண்டு அதை நுரையீரலுக்குக் கொடுத்திருக்கிறீர்கள். மருந்துக்கென்று ஓர் அதிகாரமே எழுதிய வள்ளுவர் இதற்குக் கோபிக்கமாட்டார் என்று நம்புகிறேன். நோயாளியின் நிலை, நோயின் அளவு, காலம் ஆகிய மூன்றையும் பார்த்துத்தான் வைத்தியம் செய்யவேண்டும் என்பது அவர் கட்சி. இன்று நான் பேசப்போவது பெரும்பாலும் அந்த மூன்றாவதைப் பற்றி.

2021 ஆகஸ்டை நம்மில் யாரும் மறந்திருக்கமாட்டோம். அந்த மாதம் 26ஆம் தேதி ஒரே நாளில் நாடு முழுவதும் 24,599 பேருக்குத் தொற்று உறுதியானது. சுகாதார அமைச்சு கோவிட் நோயாளிகளை ஐந்து பிரிவாக வகுத்திருந்தது. அறிகுறியே இல்லாதவர் முதல் பிரிவு. நுரையீரல் அழற்சி வந்து ஆக்ஸிஜன் தேவைப்பட்டால் நான்கு. செயற்கைச் சுவாசம் தேவைப்படும் அளவுக்குப் போனாலோ மற்ற உறுப்புகளும் தளர்ந்தாலோ ஐந்து. அந்த வாரங்களில் வார்டில் நின்ற டாக்டரையோ தாதியையோ கேட்டுப் பாருங்கள், ஏறக்குறைய ஒரே கதையைத்தான் சொல்வார்கள். முதல் நாலைந்து நாள் காய்ச்சல், இருமல், உடம்பு வலி, வீட்டிலேயே சமாளித்துவிட்டார். ஆறாம் நாள் கொஞ்சம் தேவலை என்றுகூடச் சொன்னார். ஏழு, எட்டு என்று வரும்போது சரிவு. ஆக்ஸிஜனை அளக்க விரலில் மாட்டிய கருவி 85 என்று காட்டுகிறது. மனிதரோ மகனோடு தொலைபேசியில் பேசிக்கொண்டிருக்கிறார்.

இதில் ஒரு புதிர் இருக்கிறது. மூக்கிலும் தொண்டையிலும் வைரஸின் அளவு உச்சத்தைத் தொடுவது அறிகுறி தொடங்கும் நாளை ஒட்டித்தான். எட்டாம் நாளில் அது இறங்குமுகத்தில் இருக்கும். கடுமையான நோயாளிகளிடம் அந்த இறக்கம் மெதுவாக நடக்கும், ஆனாலும் இறக்கம்தான். கிருமி குறையும்போது நோய் ஏன் முற்றுகிறது?

கோவிட்டுக்கு வெகுகாலம் முன்பே எழுந்த கேள்வி இது. 1970களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவின் கான்பராவில் பீட்டர் டோஹர்ட்டியும் ரோல்ஃப் ஜிங்கர்நாகலும் எலிகளின் மூளையைத் தாக்கும் ஒரு வைரஸை ஆராய்ந்தார்கள். அந்த வைரஸ் செல்லுக்குள் குடியேறினாலும் செல்லை அவ்வளவாகக் கெடுப்பதில்லை. தொற்றுள்ள செல்களைத் தேடித் தேடி அழித்த டி-செல்கள்தான், அதாவது எலியின் சொந்த வெள்ளணுக்கள்தான், எலியைச் சாகடித்தன. டி-செல்கள் தொற்றுள்ள செல்லை எப்படி அடையாளம் காண்கின்றன என்று அந்த வேலையில் கண்டுபிடித்ததற்காக இருவருக்கும் 1996இல் நோபல் பரிசு கிடைத்தது. உடம்பின் தற்காப்பே உடம்பை மாய்க்கலாம் என்பது அப்போதே ஆய்வுக்கூடத்தில் தெரிந்த செய்தி.

மூளையைப் போலவே நுரையீரலும் இந்த வகைச் சேதத்தைத் தாங்காத உறுப்பு. நமக்குச் சுமார் 48 கோடி காற்று நுண்ணறைகள் இருக்கின்றன. அவற்றின் உட்பரப்பைப் பிரித்து விரித்தால் ஏறக்குறைய 70 சதுர மீட்டர், அதாவது ஒற்றையர் பூப்பந்து ஆடுகளம் ஒன்று. அத்தனை பரப்பும் மெல்லிய சுவர். காற்று ஒரு பக்கம், இரத்தம் மறு பக்கம். இடையே சில இடங்களில் அரை மைக்ரான் தடிமன்கூட இல்லை. தோலில் ஒரு கட்டி வந்தால் வீங்கி, சீழ் வைத்து, உடைந்து ஆறும். அதற்கு அங்கே இடம் இருக்கிறது. நுண்ணறையில் அந்த வீக்கத்துக்கு இடமில்லை. சுவர் சற்றே வீங்கி, உள்ளே கொஞ்சம் நீர் கோத்தால் போதும், அந்த அறைக்குள் காற்றுப் பரிமாற்றம் நின்றுவிடும். ஆகவே இங்கே எதிர்வினை விரைவாக வரவேண்டும், சின்னதாக இருக்கவேண்டும், வேலை முடிந்ததும் போய்விடவேண்டும்.

விரைவாக வரும் அந்தப் பொருளுக்கு இன்டர்ஃபெரான் என்று பெயர். 1957இல் லண்டனில் ஆலிக் ஐசக்ஸும் ஜான் லிண்டன்மானும் கண்டுபிடித்தது. சூட்டில் செயலிழக்கச் செய்த இன்ஃப்ளூயன்சா வைரஸைக் கோழிக்கருவின் சவ்வோடு சேர்த்து வைத்தார்கள். பிறகு அவற்றைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்துப் புதிய சவ்வின் மேல் ஊற்றினார்கள். புதிய சவ்வில் உயிருள்ள வைரஸ் வளரவில்லை. தொற்றுக்கு ஆளான செல் எதையோ வெளியே விட்டு, தொற்றாத செல்லைத் தயார்ப்படுத்தியிருக்கிறது. இன்று அதன் செயல்முறை விரிவாகவே தெரியும். வைரஸின் மரபுப்பொருளைச் செல்லுக்குள் இருக்கும் உணர்விகள் கண்டுகொண்ட சில மணி நேரத்தில் இன்டர்ஃபெரான் வெளிவருகிறது. பக்கத்துச் செல்களில் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் விழித்துக்கொள்கின்றன. அந்தச் செல்கள் புரதம் செய்வதைக் குறைத்துக்கொள்கின்றன, வைரஸ் மரபுப்பொருளைத் துண்டாடும் நொதிகளைத் தயாராக வைக்கின்றன.

அடித்துப் போட்டாற்போல் உடம்பு வலிக்கிறது என்கிறோமே, அதில் பெரும்பங்கு வைரஸின் வேலை அல்ல. கல்லீரல் அழற்சி ‘சி’க்கு மருந்தாக இன்டர்ஃபெரான் ஊசி போட்டுக்கொண்டவர்களைக் கேட்டால் தெரியும். எந்தச் சளிக்காய்ச்சலும் இல்லாமலேயே அவர்களுக்குக் குளிர், காய்ச்சல், மேல்வலி எல்லாம் வந்தன.

சுவாச வைரஸ்கள் இந்த ஏற்பாட்டை நன்றாகவே அறிந்தவை. இன்ஃப்ளூயன்சாவிடம் என்எஸ்1 என்று ஒரு புரதம் இருக்கிறது. இன்டர்ஃபெரான் உருவாவதைத் தடுப்பது அதன் முக்கிய வேலைகளில் ஒன்று. கோவிட் வைரஸிடம் இதற்கென்றே பல புரதங்கள். ஒன்று செல்லின் புரதத் தயாரிப்பையே முடக்குகிறது. இன்னொன்று இன்டர்ஃபெரானின் செய்தி செல்லின் உட்கருவுக்குப் போய்ச் சேராமல் வழிமறிக்கிறது. பெரும்பாலானவர்களிடம் இந்தத் தடையையும் மீறிப் போதிய இன்டர்ஃபெரான் சுரந்துவிடுகிறது. சிலரிடம் சுரப்பதில்லை, அல்லது சுரந்தும் பயன்படுவதில்லை.

அந்தச் சிலர் யார்? 2020இல் வந்த ஆய்வுகளிலேயே என்னை அதிகம் உலுக்கியது ஜான்-லோரான் கசனோவா குழுவினரின் ஆய்வு. உயிருக்கு ஆபத்தான கோவிட் நிமோனியாவில் கிடந்த 987 பேரின் இரத்தத்தைப் பார்த்தார்கள். 101 பேரிடம் அவர்களுடைய சொந்த இன்டர்ஃபெரானையே செயலிழக்கச் செய்யும் எதிர்ப்பொருள்கள் இருந்தன. லேசான தொற்றோடு தப்பித்த, அல்லது அறிகுறியே இல்லாத 663 பேரில் ஒருவரிடமும் அவை இல்லை. அந்த 101 பேரில் 95 பேர் ஆண்கள். இந்த எதிர்ப்பொருள்கள் தொற்றினால் வந்தவையும் அல்ல. பலரிடம் முன்பே இருந்தவை, வேறு எந்தத் தொந்தரவும் தராமல் இரத்தத்தில் ஓடிக்கொண்டிருந்தவை. வயது எழுபதைத் தாண்டும்போது பொது மக்களிடமும் இவை கூடுகின்றன. அப்பாவும் மகனும் ஒரே வீட்டில், ஒரே நாளில் தொற்றிக்கொண்டு, மகன் இரண்டு நாளில் எழுந்து நடக்க, அப்பா ஐந்தாம் பிரிவுக்குப் போனதற்கு நாம் பல காரணம் சொன்னோம், கர்மவினை உட்பட. அவற்றில் இதையும் ஒன்றாகச் சேர்த்துக்கொள்ளலாம். பெர்லினில் குழந்தைகளின் மூக்குச் செல்களை ஆராய்ந்தவர்கள் இதற்கு நேர் எதிரானதைக் கண்டார்கள்: தொற்று வருவதற்கு முன்பே அந்தச் செல்களில் வைரஸை உணரும் மரபணுக்கள் பெரியவர்களைவிடக் கூடுதலாக விழித்திருந்தன.

முதல் சில நாளில் இன்டர்ஃபெரான் தவறினால் வைரஸ் தங்கு தடையில்லாமல் பெருகி நுரையீரலின் ஆழத்துக்கு இறங்குகிறது. தாமதமாக வரும் எதிர்வினை, பெருகிவிட்ட அத்தனைக்கும் சேர்த்துப் பெரிதாக வருகிறது. இரத்தத்திலிருந்து மோனோசைட், நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் நுண்ணறைகளை நோக்கி இழுக்கப்படுகின்றன. நியூட்ரோஃபில்கள் தம் டி.என்.ஏ.வையே வலைபோல் வெளியே விரிக்கின்றன. பாக்டீரியாவைப் பிடிக்க உதவும் அந்த வலை, மெல்லிய இரத்தக்குழாயில் உறைகட்டியைத் தொடங்கிவைக்கவும் செய்யும். குழாய்ச் சுவர் கசிகிறது. கசிந்த புரதமும் செத்த செல்களும் நுண்ணறையின் உட்புறத்தில் கண்ணாடிபோல் ஒரு படலமாகப் படிகின்றன. 1967இல் அமெரிக்காவின் டென்வர் நகர மருத்துவர்கள் 12 நோயாளிகளை வைத்து இந்தக் கடும் மூச்சுத்திணறல் நிலையை முதலில் விவரித்தார்கள். விபத்தில் அடிபட்டவர்களும் இருந்தார்கள், வைரஸ் தொற்று கண்டவர்களும் இருந்தார்கள். தொடங்கிவைத்தது எதுவானாலும் நுரையீரல் ஒரே மாதிரி நொடித்திருந்தது.

செல்கள் ஒன்றையொன்று கூப்பிடப் பயன்படுத்தும் சைட்டோகைன்கள் இந்தக் கட்டத்தில் ஏறுகின்றன. பத்திரிகைகள் இதைப் புயல் என்று எழுதின, நாமும் அப்படியே பேசினோம். அளந்து பார்த்தவர்களுக்கு வியப்பு. இன்டர்லூக்கின்-6 என்ற சைட்டோகைன் கோவிட் நோயாளிகளிடம் ஏறியிருந்தது உண்மை. ஆனால் சில புற்றுநோய்ச் சிகிச்சைகளில் கிளம்பும் உண்மையான சைட்டோகைன் வெறியோடு ஒப்பிட்டால் பல மடங்கு குறைவு. ஆகவே இரத்தத்தில் எவ்வளவு என்பதைவிட நுரையீரலில் எவை சேர்ந்து இருக்கின்றன என்பது முக்கியமாகலாம். தெலங்கானாவில் பிறந்து அமெரிக்காவின் மெம்ஃபிஸில் ஆய்வு நடத்தும் திருமலாதேவி கன்னெகண்டியின் குழு 2021 தொடக்கத்தில் காட்டியது இதுதான்: டி.என்.எஃப். என்ற சைட்டோகைனும் காமா வகை இன்டர்ஃபெரானும் தனித்தனியே பெரிதாக எதுவும் செய்யாத இடத்தில், இரண்டும் கூடினால் செல்கள் கூட்டமாக மடிகின்றன. இரண்டையும் தடுத்தபோது தொற்றுள்ள எலிகள் பல பிழைத்தன.

இத்தனை நுட்பத்துக்கும் நடுவே உயிர்களைக் காத்தது என்னவோ 1950களில் பிறந்த, எதிர்வினையை அடக்கும், மிகவும் மலிவான ஒரு ஸ்டீராய்டு மாத்திரை: டெக்ஸாமெத்தசோன். 2020 ஜூனில் பிரிட்டனின் ‘ரிகவரி’ ஆய்வு அதன் முடிவை அறிவித்தது. செயற்கைச் சுவாசத்தில் இருந்தவர்களில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்கள் 28 நாளுக்குள் 41.4 விழுக்காடு இறந்தார்கள். தினம் 6 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோனும் சேர்த்துப் பெற்றவர்களில் 29.3. ஆக்ஸிஜன் மட்டும் பெற்றவர்களில் அது 26.2இலிருந்து 23.3ஆகக் குறைந்தது. ஆக்ஸிஜனே தேவைப்படாதவர்களில்? மருந்து பெறாதவர்கள் 14 விழுக்காடு இறந்தார்கள், பெற்றவர்கள் 17.8. இந்தக் கடைசி வேறுபாடு தற்செயலாக இருக்க வாய்ப்புண்டு என்று புள்ளியியல் சொல்கிறது. பயன் எதுவும் தெரியவில்லை என்பது மட்டும் உறுதி. நான் பேச வந்தது முழுவதும் இந்த மூன்று வரிகளில் இருக்கிறது. ஒரே மருந்து, ஒரே அளவு, ஒரே நோய். எட்டாம் நாளில் எதிர்வினையை அடக்கினால் உயிர் காக்கலாம். மூன்றாம் நாளில் அடக்கினால், அப்போது வைரஸைக் கட்டுப்படுத்திக்கொண்டிருக்கும் வேலையையே நிறுத்துகிறோம்.

தவறான நாளில் கொடுத்தால் என்ன ஆகும் என்று 2021இல் இந்தியா காட்டியது. இரண்டாம் அலையின் அச்சத்தில் ஸ்டீராய்டு பல ஊர்களில் காய்ச்சல் தொடங்கிய உடனேயே, மருந்துக்கடையில் கேட்டு வாங்கியும், அளவுக்கு மீறியும் போனது. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், நியூட்ரோஃபில்களின் திறனைக் குறைக்கும். ஏற்கெனவே கட்டுக்குள் இல்லாத நீரிழிவு உள்ள உடம்பில் இரண்டும் சேர்ந்தபோது மண்ணிலும் காற்றிலும் எப்போதும் இருக்கும் ஒரு பூஞ்சைக்கு வழி திறந்தது. மூக்கிலிருந்து கண்ணுக்கும் மூளைக்கும் பரவும் கரும்பூஞ்சை நோய் நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு வந்தது. கண்ணை எடுத்து உயிரைக் காத்த அறுவைகள் எத்தனையோ. தமிழ்நாடு அரசு அந்த மே மாதத்தில் இதை அறிவிக்கப்படவேண்டிய நோயாக்கியது. இதை நமக்குத் தூரத்துச் செய்தியாக எடுத்துக்கொள்ளவேண்டாம். 2019இன் தேசியச் சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. மூன்று பெரிய இனங்களில் இந்தியர்களிடையேதான் அது அதிகம்.

எதிர்வினையே ஆளைக் கொன்றதாகச் சொல்லப்படும் இன்னொரு நோய்க்கு வருகிறேன், இதே பினாங்குத் தீவின் பழைய கதை அது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறி வந்த நம் முன்னோர் பலர் இந்த மண்ணில் முதலில் கால் வைத்தது ஜெரெஜாக் தீவின் தனிமைப்படுத்தும் நிலையத்தில். பினாங்குப் பாலத்தில் போகும்போது தெற்கே தெரிகிறதே, அந்தத் தீவு. அம்மைக்கும் காலராவுக்கும் எழுப்பிய தடுப்பு அது. 1918 அக்டோபரில் வந்த இன்ஃப்ளூயன்சாவுக்கு அது போதவில்லை. மலாயா முழுவதும் சில வாரங்களில் பரவியது, தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்களைக் கடுமையாகத் தாக்கியது. அந்தக் கொள்ளைநோயின் வினோதம் எல்லா நாட்டிலும் ஒன்றுதான்: கிழவர்களையும் குழந்தைகளையும் மட்டுமல்லாமல் இருபதிலிருந்து நாற்பது வயதுக்குட்பட்ட திடகாத்திரர்களையும் அள்ளிக்கொண்டு போனது.

ஏன் இளையவர்கள்? அவர்களுடைய வலிமையான எதிர்வினையே அவர்களைக் கொன்றது என்ற விளக்கம் பிரபலமானது. 1918இன் வைரஸை மரபணுக்களிலிருந்து மீட்டெடுத்து, 2007இல் குரங்குகளுக்குச் செலுத்திப் பார்த்தபோது கட்டுக்கடங்காத எதிர்வினை நிஜமாகவே தெரிந்தது. என்றாலும் இந்த விளக்கத்தை முழுதாக ஏற்க எனக்குத் தயக்கம். 1918இல் இறந்தவர்களின் பாதுகாக்கப்பட்ட நுரையீரல் திசுக்களை மறுபடி பார்த்தவர்கள் 2008இல் வெளியிட்ட முடிவின்படி, பெரும்பாலோரின் இறப்பில் பாக்டீரியா நிமோனியா சேர்ந்திருந்தது. வைரஸ் மூச்சுக்குழாயின் உட்பூச்சை உரித்துப்போட்டது. பின்னால் வந்த பாக்டீரியா முடித்தது. இதிலும் இன்டர்ஃபெரானுக்குப் பங்குண்டு. வைரஸை எதிர்க்க ஏறிய இன்டர்ஃபெரான், தொடர்ந்து ஏறியே இருந்தால், பாக்டீரியாவைத் தின்ன வரவேண்டிய நியூட்ரோஃபில்களின் வரவைக் குறைக்கிறது என்று எலிகளில் கண்டிருக்கிறார்கள். இரண்டாம் நாளில் காப்பது ஏழாம் நாளில் கைவிடுகிறது.

அதோடு, லயத்து வீட்டில் நெருக்கியடித்துப் படுத்து, மலேரியாவும் கொக்கிப்புழுவும் இரத்தத்தை உறிஞ்சிய உடம்பை அதிக வலிமையால் இறந்த உடம்பு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. பென்சிலின் அப்போது கிடையாது. தாதி, கஞ்சி, காய்ந்த படுக்கை ஆகியவையும் பல தோட்டங்களில் கிடையாது.

இதுவரை சொன்னதெல்லாம் கிருமி உள்ளே வந்த பிறகு நடப்பது. வருவதற்கு முன்பே தடுப்பதை நினைத்தால் இந்த ஊரில் 1879இல் பிறந்து, பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் படித்து, சூலியா தெருவில் வைத்தியம் பார்த்த வு லியென் தேயை எப்படி விடுவது? 1910 டிசம்பரில் அவர் மஞ்சூரியாவின் ஹார்பினுக்குப் போனபோது அங்கே பரவியது வைரஸ் அல்ல, பிளேக் பாக்டீரியா. ஆனால் நுரையீரலைத் தாக்கி மூச்சின் வழியே பரவிய வகை. மருந்து எதுவும் இல்லை. பஞ்சும் மல்துணியும் அடுக்கிய முகக்கவசத்தை மாட்டச் சொன்னார். அதை ஏற்காத பிரெஞ்சு மருத்துவர் மெஸ்னி சில நாளில் அந்த நோயிலேயே இறந்தார்.

தடுப்பூசி இன்னொரு வழி. முதன்முறை பார்க்கும் வைரஸுக்கு எதிராக டி-செல்களும் எதிர்ப்பொருள்களும் திரண்டு வரப் பத்து நாள், இரண்டு வாரம் ஆகும். முன்பே பார்த்த நினைவு இருந்தால் சில நாளிலேயே வந்துவிடும். இன்டர்ஃபெரான் தவறிய உடம்பிலும் அந்த நாள் வித்தியாசம் பெரிய வித்தியாசம். ஆனால் நினைவு சரியான வடிவத்தைப் பற்றியதாக இருக்கவேண்டும். 1966இல் அமெரிக்காவில் குழந்தைகளைத் தாக்கும் ஆர்எஸ்வி வைரஸுக்கு, ஃபார்மலினில் கொன்ற வைரஸைக் கொண்டு தடுப்பூசி போட்டுப் பார்த்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் இயற்கையாகத் தொற்று வந்தபோது, ஊசி போட்டுத் தொற்றுக்கு ஆளான குழந்தைகளில் 80 விழுக்காட்டினர் மருத்துவமனையில் சேர்ந்தார்கள், இருவர் இறந்தார்கள். உடம்பு செய்த எதிர்ப்பொருள்கள் வைரஸோடு ஒட்டின, ஆனால் அதைத் தடுக்கவில்லை. ஒட்டிய கூட்டுப்பொருள்கள் நுரையீரலில் படிந்து அழற்சியைக் கூட்டின. செல்லோடு இணைவதற்கு முன் அந்த வைரஸின் புரதம் எந்த வடிவில் இருக்கிறது என்பதை 2013இல்தான் படம் பிடித்தார்கள். அந்த வடிவத்தை அப்படியே நிறுத்திவைத்துச் செய்த தடுப்பூசி 2023இல் முதியோருக்கு அனுமதி பெற்றது.

இனி உங்கள் கேள்விகள். முதல் கேள்வி எது என்று எனக்குத் தெரியும்: கபசுரக் குடிநீர் குடிக்கலாமா, எதிர்ப்பு சக்தியைக் கூட்ட வேறு என்ன சாப்பிடலாம்? மிளகு ரசம் எனக்கும் பிடிக்கும், காய்ச்சலில் இன்னும் பிடிக்கும். ஆனால் எல்லா நாளிலும் எதிர்வினை கூடவேண்டும் என்று கேட்பவர் எட்டாம் நாளைப் பார்க்காதவர்.

அதைவிடப் பயனுள்ள ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். இன்ஃப்ளூயன்சாவுக்கான ஓசல்டாமிவிர் முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும். கோவிட்டுக்கான பாக்ஸ்லோவிட் ஐந்து நாளுக்குள். ஆக்ஸிஜன் குறைகிறதா என்று கவனமாகப் பார்க்கவேண்டியது அதற்கு அடுத்த வாரம். எனவே காய்ச்சல் தொடங்கிய தேதியை நாள்காட்டியில் குறித்து வைத்துக்கொண்டு கிளினிக்குக்கு வாருங்கள். எத்தனை நாளாகக் காய்ச்சல் என்று கேட்டால் நம்மவர்கள், “அது இருக்கும் டாக்டர், ஒரு நாலு நாளோ, ஒரு வாரமோ” என்கிறார்கள். அந்த ‘நாலு நாளோ ஒரு வாரமோ’வுக்கு நடுவில்தான் பாக்ஸ்லோவிட்டின் கெடு முடிகிறது.